அரைப்புள்ளி

பள்ளத்தூர் நகர விடுதி, பின்னறை.
இரண்டடிச் சுவரை வைஃபை தாண்டாது.
சிக்கந்தர் மழைநீர்க் குழாயோரம்
நாற்பது மீட்டர் கேபிளை இழுத்து வந்து
"ஒரு எலி போதும் அக்கா, எல்லாம் போச்சு" என்று
வாழ்த்திவிட்டுப் போனான்.

மார்ச் முப்பத்தொன்றோடு வாடகைச் சர்வர் நிற்கும்.
டாலரில் கேட்கிறார்கள்.
கோவில் வரிக் கணக்கை எவன் வீட்டிலோ வைத்துவிட்டு
அதை எட்டிப் பார்க்க
மாசாமாசம் நாமே காசு கொடுக்கிறதா
என்றார் காரியக்காரர் வயிரவன்.
அதனால் இந்தப் பெட்டி. ஏலத்தில் எடுத்தது, நாலு ஜிபி,
மூடிய வங்கிக் கிளையின் ஸ்டிக்கர் இன்னும் உரியவில்லை.
அதனால் நான்.

அவர்கள் வாடகைக்கு விட்டதும் இதே மென்பொருள்தான்.
மூல நிரல் திறந்தே கிடக்கிறது. பதினோரு எம்பி.
இரண்டு கல்யாணப் படத்தின் கனம்கூட இல்லை.

புள்ளி, சாய்கோடு, கான்ஃபிகர்.
அந்தப் புள்ளிக்கு 'இங்கே' என்று பொருள்.
வேறெங்கும் தேடாதே,
நான் நிற்கிற இடத்தில்தான் இருக்கிறது என்று
இயந்திரத்துக்குச் சொல்கிற புள்ளி.

கம்பைலர்... இருக்கிறது.
ஸீலிப்... இருக்கிறது.
ஓப்பன்எஸ்எஸ்எல்... இல்லை.
அதை இறக்கினால் அது பெர்ல் கேட்டது.
சீர்ச் சாமான் பட்டியல்தான் இதுவும்.
அடுக்கு வைத்தால் மூடி,
மூடி வைத்தால் கரண்டி,
ஒன்று குறைந்தாலும் வண்டி நகராது.

நாலு கை போட்டு மேக் தொடங்கினேன்.
அறுபத்து மூன்று சதவீதத்தில்
'கொல்லப்பட்டது' என்று ஒரே சொல்.
நினைவகம் போதாவிட்டால்
பெரியதாகப் பார்த்து ஒன்றைக் கொன்றுவிட்டு
மற்றதை ஓடவிடும் கெர்னல்.
கைகளை ஒன்றாகக் குறைத்தேன்.
ஒற்றைக் கை, மெதுவாக.
எட்டு வருஷமாக எனக்குப் பழக்கம்தான்.

மூன்று மணிக்கு எழுந்தது.
பழைய தரவை ஏற்றினேன். மொத்தப் புள்ளி: 312.
வயிரவன் நோட்டில் முந்நூற்று முப்பத்து நாலரை.

கழித்துப் பார்த்தேன்.
நாற்பத்தைந்து அரைப்புள்ளிகள்.
துணை போய்விட்டால் மீதி ஆள் அரை;
எங்கள் கணக்கு அப்படி.
வாடகைச் சர்வர் அந்த அரையையும் வெட்டி
பூஜ்யமாக வைத்திருக்கிறது, நாலு வருஷம்.
வரி கட்டினோம். ரசீதைப் பார்க்கவில்லை.
பட்டியலில் முப்பத்தெட்டாவது பெயர் உமையாள்.
நான்.

நிரலைத் திறந்து தேடினேன். வரி 2217.
'பங்கு: முழு எண்.'
எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினானோ,
அரை ஆட்கள் வாழும் ஊர் அவனுக்குத் தெரியாது.
மாகாணிக்கும் முந்திரிக்கும் பேர் வைத்து
ரங்கூன் வரை வட்டி எண்ணியவர்களின் கணக்கு
இந்த ஒரு சொல்லில் நசுங்கியிருந்தது.

தசமம் என்று மாற்றினேன்.
மறுபடி மேக். இந்த முறை
மாறிய கோப்பும், அதைத் தொட்டு நின்றவையும் மட்டும்.
ஆறு நிமிஷம்.
வெட்டியது வெட்டியதுதான், தரவில் திரும்ப வராது.
நோட்டைப் பார்த்து
நாற்பத்தைந்து பெயரையும் கையால் அடித்தேன்.

முப்பத்தெட்டில் விரல் நின்றது.
இங்கே ஒன்று என்று போட்டாலும்
கம்பைலர் ஏன் என்று கேட்காது.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அரை என்றே அடித்தேன்.

"சரியா வருதா?"
"நாலரை வரை வருது."
வயிரவன் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஒன்று அவரிடம் சொல்லவில்லை.
அந்த அரையை நிரலுக்குள் புதைக்கவில்லை.
அமைப்புக் கோப்பில், பன்னிரண்டாம் வரியில்,
யார் திறந்தாலும் தெரிகிற மாதிரி
வெளியே வைத்திருக்கிறேன்.
அதை மாற்ற மறுபடி கட்ட வேண்டியதில்லை.
பொதுக்குழுவில் யாராவது கை தூக்க வேண்டும்.
பிறகு ஒரு எண், ஒரு மறுதொடக்கம்,
நாலு விநாடி.

கேபிளோரம் எலிப்பொறி வைக்கச்
சிக்கந்தரிடம் சொல்லியிருக்கிறேன்.